ருவாண்டாவில் மார்பகக் கட்டியோடு வரும் பெண்ணுக்கு வழித்துணை: புதிதாகப் பணிக்கு வருவோருக்கான வழிகாட்டி

ருவாண்டாவின் சுகாதார நிலையங்களிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் வேலைக்குச் சேரவோ, தொண்டு நிறுவனங்கள் வழியாகச் சில மாதங்கள் உதவவோ வரும் தமிழ்ச் செவிலியர், மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மார்பில் கட்டி என்று ஒரு பெண் உங்கள் முன் வந்து உட்கார்ந்தால், அன்று தொடங்கிச் சிகிச்சை முடியும்வரை அவர் எந்தெந்த வாசலுக்குப் போக வேண்டும், எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும், நாள்கள் எங்கே கரைகின்றன என்பதை மட்டுமே இதில் சொல்கிறேன். மருத்துவம் நீங்கள் படித்ததுதான். இங்குள்ள வழிதான் உங்களுக்குப் புதிது.

முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2012 நவம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை இந்நாட்டின் புட்டாரோ, ருவின்க்வாவு ஆகிய இரண்டு கிராமப்புற மருத்துவமனைகளில் மார்பகப் புற்றுநோய் உறுதியான 144 பேரிடம் ஆய்வாளர்கள் கேட்டறிந்தபோது, அறிகுறி தெரிந்த நாளிலிருந்து நோய் உறுதியாகும் நாள்வரை நடுவளவாகப் 15 மாதங்கள் கழிந்திருந்தன. அந்தப் பெண் தானாக மருத்துவம் நாடி வர எடுத்துக்கொண்ட காலத்தின் நடுவளவு ஐந்து மாதம். வந்த பிறகு மருத்துவ அமைப்பு எடுத்துக்கொண்டதும் அதே ஐந்து மாதம். (இவை தனித்தனி நடுவளவுகள்; கூட்டினால் மொத்தத்தின் நடுவளவு வர வேண்டியதில்லை.) நூற்றுக்கு 76 பேருக்கு நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டியிருந்தது. படிப்புக் குறைவும், முதலில் நாட்டு வைத்தியரிடம் போனதும் பெண்களைத் தாமதப்படுத்தின. நோய் உறுதியாகும் முன் ஐந்து முறைக்கு மேல் மருத்துவ நிலையங்களுக்கு நடந்தவர்களுக்கோ அமைப்பின் தாமதம் கூடியிருந்தது. அதாவது, வராததால் மட்டும் அவர்கள் பிந்தவில்லை. வந்து வந்து திரும்பியும் பிந்தினார்கள். விழிப்புணர்வு இல்லை என்று ஊராரைக் குறை சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. தாமதத்தில் நம் பங்கைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

வேலையில் கைவைக்கும் முன்

செவிலியர்கள் ருவாண்டாவின் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் மன்றத்திலும், மருத்துவர்கள் அந்நாட்டு மருத்துவ, பல் மருத்துவ மன்றத்திலும் பதிவு பெற்ற பிறகே நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கலாம். பதிவு கைக்கு வரும்வரை பார்வையாளராக மட்டும் இருங்கள். அந்த இடைக்காலம் வீணாகாது, ஏனெனில் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 2008இல் இந்நாடு பள்ளிக் கல்வியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியது. ஆகவே மூத்த செவிலியரின் குறிப்பு பிரெஞ்சிலும் இளையவரின் குறிப்பு ஆங்கிலத்திலும், நோயாளியின் பேச்சு கிண்யாருவாண்டாவிலும் இருக்கும். மூன்றுக்கும் நடுவே ஒரு சொல் இடம் மாறினால் வலது மார்பு இடது மார்பாகிவிடும். பக்கத்தைச் சொல்லாக எழுதுவதோடு நிற்காமல், ஒரு சிறு படம் வரைந்து கட்டி இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். நான் இங்கே கற்றுக்கொண்டவற்றில் செலவே இல்லாத, அதிகம் உதவிய பழக்கம் இது.

மார்பகத்தை அவர்கள் ‘இபெரெ’ என்பார்கள், புற்றுநோய் ‘கன்செரி’. செவிலியரையும் மருத்துவரையும் ஒன்றாக ‘முகங்கா’ என்றே அழைப்பார்கள். நீங்கள் செவிலியர் என்று திருத்த வேண்டாம், அது மரியாதைச் சொல். வயது வந்த பெண்ணை நீங்கள் ‘மாமா’ என்று அழைக்கலாம். அங்கே அது அம்மாவைக் குறிக்கிறது. நம் காதுக்கு முதல் வாரம் சிரிப்பு வரும்.

முதற்படி: ஏணியை மனப்பாடம் செய்யுங்கள்

இந்நாட்டின் மருத்துவ அமைப்பு படிப்படியானது. படியைத் தாண்டிக் குதித்தால் காப்பீடு கைவிட்டுவிடும். கிராமத்தில் ஊராரே தேர்ந்தெடுத்த சுகாதாரத் தொண்டர்கள் சிலர் இருப்பார்கள். நம் ஊர்க் கிராமச் சுகாதாரச் செவிலியரைப் போல இவர்கள் சம்பளத்துக்கு வந்த அரசு ஊழியர் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு மேலே சுகாதார நிலையம். அங்கே பெரும்பாலும் செவிலியர் மட்டுமே உண்டு, மருத்துவர் இருக்கமாட்டார். அதற்கு மேலே மாவட்ட மருத்துவமனை, அதில் பொது மருத்துவர்களும் ஸ்கேன் வசதியும் இருக்கும். அதற்கும் மேலே கிகாலி, ஹுயே நகரங்களின் பல்கலைக்கழக மருத்துவமனைகள் போன்ற உயர் மருத்துவமனைகள்.

புற்றுநோய்க்கென்று இரண்டு இடங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, வடக்கு மாகாணத்தின் புரேரா மாவட்டத்தில், உகாண்டா எல்லையை ஒட்டிய மலைமேல் இருக்கும் புட்டாரோ மருத்துவமனை. எரிமலைக் கல்லால் எழுப்பிய இந்த மருத்துவமனை 2011இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில், சுகாதார அமைச்சகமும் ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ அமைப்பும் சேர்ந்து அங்கே புற்றுநோய் மையத்தைத் தொடங்கின. நாட்டின் மிக ஏழ்மையான மூலைகளில் ஒன்றில், தலைநகரிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் கீமோ கொடுக்க முடியும் என்று காட்டிய இடம் அது. இரண்டாவது, கிகாலியின் கனோம்பே பகுதியிலுள்ள ராணுவ மருத்துவமனை; 2019 முதல் நாட்டின் கதிர்வீச்சு சிகிச்சை அங்கேதான் நடக்கிறது. அதற்கு முன் கதிர்வீச்சு வேண்டியவர்களை உகாண்டாவுக்கும் கென்யாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2016இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையிலிருந்த கோபால்ட் இயந்திரம் பழுதாகி நின்றபோது உகாண்டாவுக்கே கதிர்வீச்சு இல்லாமல் போயிற்று. அண்டை நாட்டை நம்பியிருந்தவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் படி: கேட்பதும் தொட்டுப் பார்ப்பதும்

மேமோகிராம் எங்கே என்று முதல் நாளே தேட வேண்டாம். அறிகுறி ஏதுமில்லாத பெண்கள் அனைவரையும் படமெடுத்துச் சலிக்கும் திட்டத்துக்குரிய வசதி இங்கே இல்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையும் ஏராளம். கட்டியை உணர்ந்து வரும் பெண்ணைக் காலம் தாழ்த்தாமல் கண்டறிவதே முதன்மை என்று உலகச் சுகாதார நிறுவனமும் இத்தகைய நாடுகளுக்குச் சொல்கிறது. புரேரா மாவட்டத்தில் 2015இலிருந்து சுகாதார நிலையச் செவிலியருக்கு மார்பகத்தைக் கையால் பரிசோதிக்கும் பயிற்சி அளித்து வருகிறார்கள். உங்கள் நிலையத்தில் அந்தப் பயிற்சி பெற்றவர் யார் என்று கேட்டு, சில நாள்கள் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டம் உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். பரிசோதித்த எண்ணிக்கை அவருக்கே பெரிது.

பரிசோதனை அறையில் திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெண்கள் தோளில் போட்டு வரும் கிட்டெங்கே துணியே திரையாகும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் புரேரா மலைகளில் காலை வேளை குளிரும். இரு பக்கமும், இரு அக்குளும், காறை எலும்புக்கு மேலும் பாருங்கள். ‘வலிக்கிறதா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்றால் நிம்மதியாக அனுப்பிவைப்பது இங்கே மிகப் பழைய தவறு. அந்தப் பெண்ணும் அதே தவற்றைச் செய்துதான் இத்தனை மாதம் வீட்டிலிருந்தார்: வலிக்காதது நோயாகாது என்று நம்பினார். வலியில்லாமல், கெட்டியாக, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும் கட்டி, தோல் ஆரஞ்சுப் பழத் தோலைப் போலக் குழிகுழியாதல், புதிதாகக் காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் நெறி கட்டியிருத்தல் ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே மேற்படிக்குப் பரிந்துரை எழுதுங்கள். வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்; அச்சமே பலரைத் திரும்பி வராமல் செய்கிறது.

பால் கொடுக்கும் தாய்மார்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே இளவயதுப் பெண்கள் மிகுதி, பால் கொடுக்கும் காலமும் நீளம். ஆகவே மார்பில் எது வீங்கினாலும் பால்கட்டு என்று எழுதி ஆன்டிபயாட்டிக் கொடுப்பது எளிது. ஒரு சுற்று மாத்திரை முடிந்து இரண்டு வாரத்தில் வீக்கம் முழுதாக வடியாவிட்டால் இரண்டாவது சுற்று எழுதாதீர்கள், மேலே அனுப்புங்கள். நான் பார்த்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் (இங்கே நோயாளிகள் பள்ளி நோட்டைத்தான் மருத்துவக் குறிப்பேடாக வைத்திருப்பார்கள்) ஒரே மருந்தின் பெயர் நான்கு பக்கங்களில், நான்கு கையெழுத்துகளில் இருந்தது. நால்வரும் முந்தைய பக்கத்தைப் புரட்டவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். எத்தனையாவது முறை வந்திருக்கிறார் என்பதே ஓர் அறிகுறி.

குடும்ப வரலாறு கேட்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா? அக்கா எதனால் இறந்தார்?’ என்று நம் ஊர் வழக்கப்படி வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். 1994 இனப்படுகொலையில் குடும்பத்தையே இழந்தவர் உங்கள் முன் அமர்ந்திருக்கக்கூடும். நான் அப்படிக் கேட்ட முதல் வாரத்தில், மொழிபெயர்த்துக்கொண்டிருந்த செவிலியர் என் கேள்வியை மொழிபெயர்க்காமல் சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே கேள்வியை மாற்றி, ‘உங்கள் உறவில் யாருக்காவது மார்பில் கட்டி இருந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. ஏப்ரல் 7 தொடங்கி நடக்கும் நினைவுநாள்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

மூன்றாம் படி: மித்துவெலியும் பரிந்துரைச் சீட்டும்

சமூகக் காப்பீட்டை மக்கள் ‘மித்துவெலி’ என்பார்கள். பெரும்பாலான கிராமக் குடும்பங்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 ருவாண்டா பிராங்க் கட்டி வந்திருக்கின்றன. மிக ஏழ்மையானவர்களுக்கு அரசே கட்டுகிறது. சுகாதார நிலையத்தில் 200 பிராங்கும், மருத்துவமனைகளில் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்தும் நோயாளி தர வேண்டும். நூற்றுக்குப் பத்து என்பது காதுக்குச் சிறிதாகத் தெரியும். ஸ்கேன், அறுவை, தங்கல் என்று கூட்டினால் ஆடு விற்க வேண்டிய தொகையாகிவிடும். 2025இல் இந்தக் காப்பீட்டின் சேவைப் பட்டியலைப் புற்றுநோய் சிகிச்சையையும் சேர்த்து விரிவாக்க அரசு முடிவெடுத்தது. பட்டியலில் எது நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதை உங்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டு, எழுதி ஒட்டி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, காப்பீட்டு ஆண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. கீமோ நடுவில் ஜூலை வந்துவிட்டால், குடும்பத்தார் புதுப்பிக்கும்வரை சிகிச்சை அந்தரத்தில் நிற்கும். மே மாதத்திலேயே நினைவூட்டுங்கள். இரண்டாவது, பரிந்துரைச் சீட்டு. சுகாதார நிலையச் சீட்டு இல்லாமல் மாவட்ட மருத்துவமனைக்கும், மாவட்ட மருத்துவமனைச் சீட்டு இல்லாமல் புட்டாரோவுக்கும் போனால் காப்பீடு செல்லாது. கிகாலியில் உறவினர் இருக்கிறார் என்று நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய், வாசலிலிருந்து திரும்பிவந்து, அதற்குப் பின் இரண்டு மாதம் எங்குமே போகாமல் இருந்தவர்கள் உண்டு.

சீட்டில் ‘மார்பக வீக்கம், மேல் பரிசோதனைக்கு’ என்று மட்டும் எழுதினால் அது வரிசையின் கடைசியில் சேரும். கட்டியின் அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். எத்தனை மாதமாக இருக்கிறது, அக்குளில் என்ன தெரிந்தது, புற்றுநோய் என்று ஐயுறுகிறீர்களா இல்லையா என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். சீட்டை ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, போகும் இடத்தில் இருக்கும் ஒருவரின் பெயரைக் கேட்டு அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்புங்கள். ‘மருத்துவமனைக்குப் போங்கள்’ என்பதைவிட ‘இன்னாரைப் போய்ப் பாருங்கள், நான் சொல்லியிருக்கிறேன்’ என்பது ஒரு நாளையாவது மிச்சப்படுத்தும்.

நான்காம் படி: பயாப்சி

என் கணிப்பில் அதிக நாள்கள் காணாமல் போகும் இடம் இதுதான். ஆகவே சற்று நீட்டியே சொல்கிறேன்.

மாவட்ட மருத்துவமனையில் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள். நீர்க்கட்டியா, திடக்கட்டியா என்பது அதில் தெரிந்துவிடும். இளவயதுப் பெண்களின் அடர்த்தியான மார்பகத்தில் மேமோகிராமைவிட இதுவே பயன் தரும். திடக்கட்டி ஐயத்துக்குரியதாக இருந்தால் பயாப்சி, அதாவது சிறிது திசுவை எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது. கட்டியை முழுதாக வெட்டியெடுத்துவிட்டுப் பிறகு சோதிப்போம் என்று யாராவது கத்தியை எடுத்தால் பணிவாகத் தடுங்கள். அப்படி எடுத்தால் ஓரங்களில் நோய் மிச்சமிருக்கும், தழும்பு அடுத்த அறுவையைச் சிக்கலாக்கும். ‘கட்டியை எடுத்தாயிற்று, இனி என்ன?’ என்று அந்தப் பெண்ணும் வீட்டிலேயே இருந்துவிடுவார். தடித்த ஊசியால் நூல்போலச் சில திசுத் துண்டுகளை எடுத்தால் போதும்.

எடுத்த துண்டை ஒரு மணி நேரத்துக்குள் பத்து விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் போட வேண்டும். திசுவைப் போலப் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும்; உப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு அனுப்பினால் ஆய்வகம் ஒன்றும் சொல்ல முடியாமல் திருப்பியனுப்பும். ஃபார்மலினில் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் ஊறியிருந்தால்தான் ஹார்மோன் ஏற்பிச் சோதனையை (கட்டி ஹார்மோனால் தூண்டப்படும் வகையா என்று பார்ப்பதை) நம்ப முடியும். வெள்ளிக்கிழமை மதியம் எடுத்து, திங்கள் வண்டிக்குக் காத்திருந்து, செவ்வாயன்று ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் திசு அந்த எல்லையைத் தாண்டிவிடும். வண்டி புறப்படும் நாளைத் தெரிந்துகொண்டு அதற்கு முந்தின நாளில் பயாப்சியை வையுங்கள். குப்பியின் மூடியில் மட்டும் பெயர் எழுதாதீர்கள், மூடிகள் மாறும். குப்பியின் பக்கத்திலேயே எழுதுங்கள், பேனாவால் வேண்டாம், ஃபார்மலின் பட்டால் மை கரையும், பென்சிலால் எழுதிய ஒட்டுத்தாள் நிற்கும். திசு எடுத்த நாள், நேரம், எந்தப் பக்கத்து மார்பு என்ற மூன்றையும் குறியுங்கள்.

ஹார்மோன் ஏற்பிச் சோதனை ஆடம்பரம் அன்று. அது நேர்மறையாக வந்தால் நாள்தோறும் 20 மில்லிகிராம் தமாக்ஸிஃபென் ஐந்து ஆண்டுகளாவது தரலாம். புற்றுநோய் மருந்துகளிலேயே மலிவான, ஊசியில்லாத, வீட்டிலிருந்தபடி விழுங்கக்கூடிய மருந்து அது. எதிர்மறையானால் அந்த மாத்திரையால் பயனில்லை. ஆகவே முடிவுத் தாளில் ‘புற்றுநோய்’ என்ற ஒரு சொல்லோடு நிறைவு கொள்ளாமல் ஏற்பி நிலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி முடிவைத் தொடர்வது. தொடக்கத்தில் நானும் ‘இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பெண் சொன்ன நாளில் வந்தார், முடிவு வரவில்லை. மறுபடி வரச் சொன்னேன், வந்தார், அப்போதும் இல்லை. ஒவ்வொரு முறையும் மோட்டோ வண்டிக்கு அவர் கொடுத்தது இரண்டு நாள் கூலி. மூன்றாம் முறை அவர் வரவில்லை. முடிவு அதற்கு அடுத்த வாரம் வந்தது. அவரிடம் கைபேசி இல்லை. கிராமத் தொண்டர் வழியாகத் தேடிக் கண்டுபிடிக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டது இதுதான்: நோயாளியின் எண்ணோடு, கைபேசி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரின் எண், அந்தக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டரின் எண் ஆகிய மூன்றையும் வாங்கிக்கொள்வேன்; முடிவு கைக்கு வந்த பிறகே அழைப்பேன்; வராவிட்டால் அலைய வேண்டியது என் வேலை, அவருடையது அன்று. கைபேசியில் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள். அது பக்கத்து வீட்டாரின் கைபேசி.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, பெண் முதன்முதலாக வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. உங்கள் பதிவேட்டில் ‘முதல் வருகை’, ‘முடிவு சொன்ன நாள்’ என்று இரண்டு கட்டங்கள் போட்டு நடுவில் நாள்களை எண்ணி எழுதுங்கள். 60ஐத் தாண்டியவற்றைச் சிவப்பு மையில் எழுதினால், மாதாந்திரக் கூட்டத்தில் நீங்கள் பேசாமலே பேச்சு எழும்.

ஐந்தாம் படி: சிகிச்சைத் திட்டத்தைப் புரிய வைப்பது

நோய் உறுதியான பின் திட்டம் புட்டாரோவிலோ உயர் மருத்துவமனையிலோ தீர்மானிக்கப்படும். உங்கள் வேலை அதைக் குடும்பத்துக்கு விளங்கும்படி சொல்வதும், நடுவில் கைவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

‘மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கக் கூடாதா?’ என்று கேட்பார்கள். மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கட்டாயம். அதற்குக் கனோம்பேயில் வாரம் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் தங்க வேண்டும். அப்படித் தங்க முடியாதவருக்கு மார்பகத்தை முழுதாக எடுப்பதே பாதுகாப்பு என்று மருத்துவர்கள் பல நேரம் முடிவெடுக்கிறார்கள். இது வறுமை செய்யும் முடிவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. முழுதாக எடுத்த பின்னும் நெறிகளில் நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள்.

கீமோ தொடங்கும் முன் எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி சோதனைகள் நடக்கும். எச்.ஐ.வி. இருந்தால் புற்றுநோய் சிகிச்சை கிடையாது என்று எண்ணி ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. அது தவறு, இரண்டையும் சேர்த்து நடத்தலாம் என்று சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஏறும். டாக்ஸோரூபிசின் செந்நிற மருந்து. ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று அஞ்சி அடுத்த ஊசிக்கு வரமாட்டார். காய்ச்சல் இன்னும் முக்கியம். கீமோவுக்குப் பின் 38 டிகிரியைத் தொட்டால் அது அவசரநிலை. ஆனால் கிராமத்தில் காய்ச்சலென்றால் முதலில் மலேரியாவைத்தான் நினைப்பார்கள். அந்த ஊர்த் தொண்டரை அழைத்து, ‘இவருக்குக் காய்ச்சல் கண்டால் மலேரியா சோதனையோடு நிற்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்’ என்று நேரில் சொல்லுங்கள். கிண்யாருவாண்டாவில் இதை எழுதிய ஓர் அட்டையை நோயாளியின் நோட்டில் ஒட்டுவது எங்களுக்குப் பயன் தந்தது.

கருத்தடையைக் கேட்க மறந்துவிடாதீர்கள். இங்கே கையின் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியும் மூன்று மாத ஊசியும் பரவலாகப் புழங்குகின்றன. மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்கு இவை ஆகா. தமாக்ஸிஃபென் எடுக்கும்போதும் கீமோவின்போதும் கருத்தரிக்கவும் கூடாது. ஆகவே குச்சியை எடுத்துவிட்டுக் கருப்பைக்குள் வைக்கும் செம்பு வளையம் போன்ற ஹார்மோன் இல்லாத முறைக்கு மாற்றுவதைக் குடும்பநலப் பிரிவோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். புற்றுநோய்ப் பிரிவு இதைக் குடும்பநலப் பிரிவு பார்க்கும் என்றும், குடும்பநலப் பிரிவு அதைப் புற்றுநோய்ப் பிரிவு பார்க்கும் என்றும் விட்டுவிடுவது வழக்கம்.

நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால் ‘எங்களை இந்தியாவுக்கு அனுப்ப முடியுமா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வசதியுள்ளவர்கள் சென்னைக்கும் பிற இந்திய நகரங்களுக்கும் சிகிச்சைக்குப் போவதை அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். வாக்குக் கொடுக்காதீர்கள். நிலத்தை விற்று ஒருவரை அனுப்பி, பணம் தீர்ந்து பாதிச் சிகிச்சையில் திரும்புவதைவிட, இங்கேயே முழுச் சிகிச்சை பெறுவது பெரும்பாலானோருக்கு மேல் என்பதே என் எண்ணம்.

ஆறாம் படி: வழிச்செலவு, சோறு, துணை

மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் பேருந்துக் கட்டணம் இலவசமாவதில்லை. ஒவ்வொரு வருகைக்கும் போக்குவரத்து எவ்வளவு, இரவு எங்கே தங்குவார், பிள்ளைகளை யார் பார்ப்பார், உழவு நாளில் கணவர் துணைக்கு வர முடியுமா என்ற கேள்விகளைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டு எழுதுங்கள். புட்டாரோவில் ஏழை நோயாளிகளுக்குப் பயணப் படியும் உணவும் தரும் ஏற்பாட்டைப் ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ நடத்தி வந்திருக்கிறது. சமூகப் பணியாளரிடம் முதல் வருகையிலேயே பெயரைப் பதிய வேண்டும். மற்ற இடங்களில் பங்குக்கோயில், கூட்டுறவுச் சங்கம், ஊர்ச் சேமிப்புக் குழு என்று தேடுங்கள். கணவரை ஒரு முறையாவது அறைக்குள் அழைத்துப் பேசுங்கள். மார்பை எடுத்தபின் தன்னைக் கைவிட்டுவிடுவாரோ என்ற அச்சம் மனைவிக்கு இருக்கும். அதை அவர் உங்களிடம்கூடச் சொல்லமாட்டார்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை நாடு முழுவதும் ‘உமுகாண்டா’ என்னும் பொதுப்பணி நடக்கும். சாலை வெட்டி, வாய்க்கால் தூர்வாரிய பின் ஊர்க்கூட்டம் கூடும். அங்கே பத்து நிமிடம் கேட்டு வாங்கி, சிகிச்சை முடித்து நலமாக இருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவர் விரும்பினால் அவரைப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் மண்வெட்டி பிடித்திருந்தால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

மிகவும் பிந்தி வந்தவர்களுக்கு

புண்ணாகி, நாற்றத்தோடு, துணியை இறுகச் சுற்றிக்கொண்டு வருபவர்களையும் பார்ப்பீர்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்காதீர்கள். மெட்ரானிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் சில நாளில் அடங்கும். அதன் பின்தான் அவர் மற்றவர் பக்கத்தில் உட்காரத் தொடங்குவார். வலிக்கு வாய்வழி மார்ஃபின் திரவம் உண்டு. 2011இலேயே தேசிய வலிதணிப்புக் கொள்கையை வகுத்த நாடு இது. ஆனால் கொள்கை இருப்பதால் மாவட்ட மருந்தகத்தில் குப்பி இருக்கும் என்று பொருளில்லை. வாரந்தோறும் இருப்பைக் கேளுங்கள். மார்ஃபினோடு மலமிளக்கி சேர்த்தே எழுதுங்கள். நோய் பரவியவர்களிலும் ஹார்மோன் ஏற்பி நேர்மறையாக இருப்பவர்கள் தமாக்ஸிஃபென் மட்டும் எடுத்துக்கொண்டு, மூட்டை தூக்காவிட்டாலும் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு சில ஆண்டுகள் வாழ்கிறார்கள். ஆகவே பிந்தி வந்தவர் என்பதற்காகப் பயாப்சியை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கிளம்பும் முன்

ஆறு மாதத்திலோ இரண்டு ஆண்டிலோ நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். தமாக்ஸிஃபென் எடுப்பவருக்கு அப்போதும் மூன்று நான்கு ஆண்டுகள் மிச்சமிருக்கும். பதிவேட்டை உங்கள் மடிக்கணினியில் வைத்திருந்தால் அது உங்களோடு போய்விடும். ஆகவே முதல் நாளிலிருந்தே நிலையத்தின் தடித்த அட்டை நோட்டில், உள்ளூர்ச் செவிலியரின் கையெழுத்தில் எழுதச் செய்யுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம்: முதல் வருகை, பரிந்துரை, பயாப்சி, முடிவு, ஏற்பி நிலை, கீமோ நாள்கள், அறுவை, மாத்திரை தீரும் நாள், மித்துவெலி புதுப்பித்த நாள், மூன்று கைபேசி எண்கள். கடைசி மாதம் அந்தச் செவிலியர் நோட்டை வைத்துக்கொண்டு அழைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். எந்த எண் இனி வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். அவற்றைத் திருத்தி எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.